வாராக் கடனும் வாய்தாவும்

2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் படிப்பவர்கள், அதன் சொல்விளக்கப் பகுதியில் சற்று நின்றுவிடுவார்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. நாள் வட்டி, மணி வட்டி இரண்டிலும் முன்பாதி ஆங்கிலமாகிவிட்டது. 'வட்டி' மட்டும் மாறவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் போகவில்லை. சந்தையிலும் தெருவிலும் நடக்கும் கொடுமையை, அது அங்கே எந்தப் பெயரில் நடமாடுகிறதோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிடிக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் இதையே செய்தது. கடனுக்காக ஆளைக் கட்டிப்போடும் முறைகளுக்கு இந்தியா முழுக்க வழங்கிய பெயர்களை வரிசையாக அடுக்கிய அந்தச் சட்டத்தில் படியாள், பண்ணையாள், வெட்டி என்ற நம் சொற்களும் இருக்கின்றன.

ஏழையின் கடனைப் பற்றிப் பேசும்போது சட்டம்கூடத் தெருவின் சொல்லைத் தேடி வருகிறது. பெரிய கடனைப் பற்றிப் பேசும்போது நிலைமை வேறு. அங்கே சொற்கள் எல்லாம் வெளுத்துப்போய், ஆள் அடையாளமே இல்லாமல் நிற்கின்றன. திரும்பி வராத கடனுக்குத் தமிழில் இரண்டு மொழிகள் இருக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒன்று வாங்கியவனைச் சுட்டுகிறது, மற்றது அவனை மறைக்கிறது. எந்த மொழியில் பேசுவது என்பதைத் தொகையின் அளவு தீர்மானிக்கிறது.

முதலில் பழைய சொற்கள் சிலவற்றைப் பார்த்துவிடலாம். அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் கடனுக்குச் சங்க காலத்தில் 'குறியெதிர்ப்பை' என்று பெயர். திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தச் சொல் வருகிறது. ஏழைக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கும் குறியெதிர்ப்பை என்பது வள்ளுவர் போடும் கோடு. புறநானூற்றின் 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்றுவந்த பரிசிலை மனைவியின் கையில் கொடுத்து, யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று சொல்கிறார். குடும்பத்தின் பசி தீர நெடுநாளாகக் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். என்னைக் கேட்க வேண்டாம், வைத்து வாழலாம் என்றும் எண்ண வேண்டாம் என்கிறார். அந்த வீட்டில் கடன் பெண்கள் வழியாக, முகந்து அளந்து, வட்டியில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோம். காசாக வாங்கினால் அதற்குக் 'கைமாற்று' என்று பெயர். கைமாற்றுக்கு வட்டி கேட்பது அசிங்கம் என்ற எண்ணம் ஊரில் இன்னும் போகவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். களத்தில் குவிந்த நெல்லும் பொலி, பெருகுவதும் பொலிதல். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட காசுகளை ஊர்ச் சபைகள் வட்டிக்கு ஏற்றுக்கொண்டன. காசு ஒன்றுக்கு ஆட்டைவட்டம் அரைக்கால் காசு பொலிசை என்பது அங்கே அடிக்கடி வரும் கணக்கு. ஆட்டைவட்டம் என்றால் ஆண்டுக்கு. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. ஆக வட்டி வீதம் ஆண்டுக்கு 12.5 சதவீதம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் வெட்டப்பட்ட கடனின் வீதத்தை இன்றும் ஒருவர் நின்று படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. நந்தாவிளக்குக்கு ஆடு விடும் வழக்கத்தில் இந்த மொழி இன்னும் அழகாகிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், குட்டி பிறக்கும், ஆனால் 96 என்ற கணக்கு சாகாது, மூப்படையாது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது என்ற பொருளாதாரக் கருத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொரு தொடரை நான் படித்ததில்லை. இந்தக் கல்வெட்டுகளில் கடன் வாங்கியவர் பெயர் வெளிப்படையாக இருக்கிறது: இன்ன ஊர்ச் சபையார், இன்ன ஊர் இடையர். அதில் அவமானம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

'கடன்' என்ற சொல்லும் ஆதியில் கடமையைத்தான் குறித்தது. காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன், செஞ்சோற்றுக்கடன் என்று அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. பணக்கடன் இதிலிருந்து கிளைத்தது என்பதால், வாங்கிய பணத்தைத் திருப்பாதது நமக்குக் கணக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை, ஒழுக்கக் கேடாகவே தோன்றுகிறது. கையில் புழங்கும் காசுக்கும் மனிதனின் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் சமூகம் இது. சட்டமும் நெடுங்காலம் இதே வழியில் போனது. தகப்பன் பட்ட கடனை மகன் அடைப்பது பிதுர்க்கடனின் பகுதி என்று இந்து சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், அதற்குப் பிறகு வாங்கப்படும் கடன்களுக்கு அந்தப் புனிதக் கடப்பாட்டைக் காட்டி மகனைப் பிடிக்க முடியாது என்றானது. பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்த அதே திருத்தம், மகன்களின் தோளிலிருந்து இந்தச் சுமையையும் இறக்கியது. இது பலருக்கு இன்றும் தெரியாது. துக்க வீட்டு வாசலுக்கே வந்து "உங்கப்பா வாங்கினது" என்று கணக்கு நோட்டை விரிக்கிறவர்களுக்குப் பயந்து, தன் பெயரில் புதுப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கும் மகன்கள் இருக்கிறார்கள். தந்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தால் அதிலிருந்து கேட்கலாம், அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

கொடுக்கல் வாங்கலின் அடிப்படைச் சொற்களில் பல தமிழ்: கடன், ஈடு, ஒத்தி, பிணை, கைமாற்று. வசூலிக்கும் கட்டத்துக்கு வந்தவுடன் மொழி மாறிவிடுகிறது. அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி, தாவா, ரசீது ஆகியவை அரபியும் பாரசீகமும் பேசிய அரசு நிர்வாகத்தின் வழியாக வந்தவை. ஏலம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. டிகிரி, சம்மன், வாரண்டு ஆங்கில நீதிமன்றம் கொடுத்தவை. தண்டல் மட்டும் விதிவிலக்கு. தண்டுதல் என்றால் வசூலித்தல், அது பழைய தமிழ். மற்றபடி கொடுக்கும்போது பேசிய மொழி ஒன்று, வீட்டுச் சாமானைத் தூக்கிப்போகும்போது பேசிய மொழி வேறு.

இவற்றில் 'வாய்தா' போன பாதை தனியாகச் சொல்ல வேண்டியது. அரபியில் அது வாக்குறுதி. நிலவரி கட்டக் குறித்த கெடுவாகத் தமிழுக்கு வந்தது. பிறகு நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளிவைக்கும் தேதியானது. இன்று "வாய்தா சொல்றான்" என்றால் கொடுக்காமல் இழுத்தடிக்கிறான் என்று பொருள். கொடுத்த வாக்கு படிப்படியாகச் சாக்காக மாறிய வரலாறு முழுவதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் ஒத்தி இன்னும் பழைய உடையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1706-07இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே ஒத்தி இடம்பெற்றது. கடன் கொடுத்தவர் நிலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார், அதுவே வட்டி. தமிழ்நாட்டில் இதே ஏற்பாடு போக்கியம் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்து, நகரங்களில் 'லீஸ்' ஆகிவிட்டது. நாம் அடகு என்பதை இலங்கையில் அடைவு என்கிறார்கள்.

கடனின் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அருகில் பார்க்க வேண்டுமானால் புரோநோட்டைக் கையில் எடுக்க வேண்டும். அச்சடித்த படிவம் கடையில் கிடைக்கும். "என் குடும்பச் செலவுக்காக" என்றோ "வியாபார அபிவிருத்திக்காக" என்றோ காரணம் இருக்கும். நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு இவ்வளவு வட்டி என்ற இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது அசலும் வட்டியும் செலுத்தி நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முடியும். கீழே ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து அல்லது கைரேகை. தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது கந்து வட்டியின் முதல் வேலை.

அந்தத் தாளின் பின்பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்குச் சட்டப்படி ஆயுள் எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் நோட்டு காலாவதி. ஆனால் 3 ஆண்டு முடியும் முன் கடன்காரர் ஒரு தொகையைக் கட்டி, அதைப் பின்பக்கத்தில் 'வரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மீண்டும் 3 ஆண்டு தொடங்கும். வாங்கியவர் "500 ரூபாய் வரவு வச்சாச்சு, அவ்வளவு கடன் குறைஞ்சது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கொடுத்தவர் நோட்டுக்கு இன்னும் 3 ஆண்டு உயிர் வந்தது என்று பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். ஒரே சொல்லை இருவரும் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், சட்டம் அறிந்தவர் படிப்பதே செல்லுகிறது. நியாயமாகக் கொடுத்தவரைக் காப்பாற்றும் விதி அது என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தின் விளைவைக் கடன்காரருக்கு யாரும் சொல்வதில்லை.

வட்டியைச் சொல்லும் விதத்திலும் ஒரு மறைப்பு உண்டு. நம் ஊரில் யாரும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. "ரெண்டு ரூபா வட்டி", "அஞ்சு வட்டி", "பத்து வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு என்பது அதன் கணக்கு. ரெண்டு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், பத்து வட்டி 120 சதவீதம். காதில் விழும் எண் சின்னது, கையை விட்டுப் போகும் பணம் பெரியது. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். 10,000 ரூபாய்க்குக் கையில் வருவது 9,000, வட்டியோ 10,000க்கு.

தண்டலை எடுத்துக்கொள்வோம். 8,500 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாளில் 10,000 வசூலிப்பது தண்டலின் வழக்கமான வடிவங்களில் ஒன்று. பூக்காரம்மாவிடம் கேட்டால் "ஆயிரத்தைநூறு சேத்துக் கட்டணும்" என்பார், வட்டி என்ற சொல்லையே எடுக்கமாட்டார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால், அவர் கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி. அதாவது பத்து வட்டியேதான். பத்து வட்டி என்றால் வேண்டாம் என்று போய்விடக்கூடியவர், தண்டல் என்பதால் வாங்கிக்கொள்கிறார். ரன் வட்டி, மீட்டர் வட்டி, ராக்கெட் வட்டி என்ற பெயர்கள் வேகத்தை மட்டும் சொல்கின்றன, அளவைச் சொல்வதே இல்லை.

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார்கள், நால்வரும் பிழைக்கவில்லை. கந்து வட்டிக் கொடுமை பற்றி அந்த அலுவலகத்தில் முன்பே மனு கொடுத்திருந்த குடும்பம் அது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் அதீத வட்டித் தடைச் சட்டம் அப்போது 14 ஆண்டு பழையது. சட்டத்தில் கந்து வட்டி என்ற பெயர் இருந்தும், மனு போன இடத்தில் அது 'பணம் கொடுக்கல் வாங்கல் தகராறு' ஆகிவிடுகிறது. அந்தத் தொடர் ஒரு குற்றத்தை இரண்டு சமமானவர்களின் சச்சரவாக மாற்றிவிடுகிறது. 2022இல் 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று காவல்துறையே பெயர் சூட்டி இறங்கியதும், 2025இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்ததும் அந்தப் பழைய சட்டம் எவ்வளவு தூங்கியது என்பதற்குச் சாட்சி.

இனி, திரும்பாத கடனைப் பற்றி ஊர் பேசும் மொழி. கொடுக்காதவனைக் குறிக்கத் தமிழில் வினைச்சொற்களுக்குக் குறைவே இல்லை. நாமம் போட்டுட்டான், கம்பி நீட்டிட்டான், டிமிக்கி கொடுக்கிறான், கையை விரிச்சுட்டான், அல்வா கொடுத்துட்டான், ராவோடு ராவா ஊரைக் காலி பண்ணிட்டான். எல்லாவற்றிலும் எழுவாய் வாங்கியவன்தான். கொடுத்தவர் நம்பிக்கை இழந்துவிட்டால் "காந்தி கணக்குல எழுதிக்க வேண்டியதுதான்". கடைசிப் படி மஞ்சக் கடுதாசி. திவால் மனு கொடுத்தவரைப் பற்றி ஊரில் பேசும்போது குரல் தாழும். "ஐ.பி. கொடுத்துட்டாரு" என்பதும் அதுவே. நொடித்துப்போனார் என்ற பழைய சொல் இவற்றைவிட இரக்கமானது, ஆனால் அது அருகிவருகிறது.

அடகு வைத்தவர்கள் தங்கள் நஷ்டத்தைச் சொல்லும் விதம் வேறு. "நகை முழுகிப்போச்சு" என்பார்கள். கடைக்காரர் விற்றார் என்றோ, வட்டி ஏறிப் பறிபோனது என்றோ சொல்வதில்லை. தாலிக்கொடியும் தோடும் தானாக நீரில் இறங்கியது போன்ற பேச்சு. யாரையும் குற்றம் சொல்லத் தெம்பில்லாதவர்கள் உண்டாக்கிய தொடர் அது. மீட்ட நகைக்கு "திருப்பிட்டோம்" என்று பிறவினை வந்துவிடும். வென்றால் 'நாங்கள்', தோற்றால் 'அது'.

மகளிர் குழுக் கடனும் வாரக் கடனும் வந்த பிறகு சேர்ந்த சொல் 'டியூ'. ஆங்கிலத்தில் செலுத்த வேண்டிய நிலையைக் குறிக்கும் அந்தச் சொல், தமிழில் தவணைத் தொகையாகிவிட்டது. "டியூ கட்டியாச்சா?" என்பதுதான் இன்று பல தெருக்களில் செவ்வாயோ புதனோ காலையில் கேட்கும் முதல் கேள்வி. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்குபோட்டுக் கட்ட வேண்டும் என்பதால், வசூலிக்க வரும் ஊழியரைவிடப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுதான் கடினம். குறியெதிர்ப்பை ஓடிய அதே வாசல்கள் வழியாக இப்போது டியூ ஓடுகிறது. அன்று உறவைக் கட்டிய கடன் இன்று உறவைக் காவலாக நிறுத்தியிருக்கிறது.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்து மொய் விருந்தை இதற்கு எதிர்ப்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். ஆடி, ஆவணி மாதங்களில் விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதப்படும். முன்பு வாங்கியது பழைய மொய், அதற்கு மேல் வைப்பது புது மொய். பழையதைக் கழித்தால் கடன் தீரும், புதியதைச் சேர்த்தால் எதிராளியின் மேல் கடன் ஏறும். வட்டி இல்லை, ஈடு இல்லை, நோட்டு ஒன்றுதான். ஊரறிய எழுதிய நோட்டு என்பதே அதன் ஜாமீன்.

நாம் வாங்கியவர்களாக மட்டும் இருந்ததில்லை, கொடுத்தவர்களாகவும் இருந்திருக்கிறோம். நகரத்தார் பர்மாவில் நடத்திய லேவாதேவி, உலகம் கவனித்த தமிழ்க் கடன் தொழில். ரங்கூனில் கூடிப் பேசி நிர்ணயிக்கும் 'நடப்பு வட்டி', சொந்த முதலான 'முதல் பணம்', 'தவணை'க்குப் பெற்ற வைப்பு, கணக்கை முடிக்கும் 'ஐந்தொகை' என்று யாருடைய பணம் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாகப் பிரித்த சொற்கள் அவர்களிடம் இருந்தன. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, ஈடான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1938இல் 25 சதவீதமானது. பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பியதில் கொடுத்தவர்களுக்கும் மகிழ்ச்சி இல்லை. நிலத்தை இழந்தவர்களின் கோபமோ ஆறவே இல்லை. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. நம் குடும்பங்களில் இந்தக் கதை 'பர்மாவில் விட்டுவந்த சொத்து' என்றே சொல்லப்படுகிறது. அது யாரோ கட்ட முடியாமல் போன கடன் என்ற பகுதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பர்மாவில் நிலம் கைமாறிய அதே காலத்தில் இங்கே, ராஜாஜி அமைச்சரவை 1938இல் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன் ஒன்றுக்கு, அசலும் வட்டியுமாகச் சேர்ந்து அசலின் இரண்டு மடங்கைக் கட்டிவிட்ட விவசாயிக்கு, அந்தக் கடன் முழுவதும் தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். 'தீர்ந்தது' என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு சட்டத்திலேயே இருந்தது. கடன் நிவாரணத்தின் மொழி அப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டாவது மொழிக்கு வருவோம். 90 நாள் வட்டியோ தவணையோ வராமல் போன வங்கிக் கடனுக்கு நம் நாளேடுகள் சூட்டிய பெயர் வாராக்கடன். இலக்கணப்படி அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆனால் வாராதது யார்? கடன். கட்டாதவர் அந்தத் தொடரில் எங்கும் இல்லை. மழை வரவில்லை என்பது போல, கடன் வரவில்லை. 'செலுத்தாத கடன்' என்றிருந்தால் உடனே யார் செலுத்தவில்லை என்ற கேள்வி வந்திருக்கும். கம்பி நீட்டிட்டான் என்று நூறு ரூபாய்க்குச் சொல்கிற தமிழ், நூறு கோடிக்கு வாராக்கடன் என்கிறது.

'தள்ளுபடி' இன்னும் பெரிய குழப்பம். ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, அரசியல் மேடையில் பயிர்க்கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அது உண்மையான தள்ளுபடி, அந்த விவசாயி இனிக் கட்ட வேண்டியதில்லை. வங்கிகள் பெரிய நிறுவனங்களின் கடனைத் தங்கள் கணக்கேட்டிலிருந்து நீக்குவதற்கும் நாளேடுகளில் இதே சொல்தான். அங்கே கடன் தீர்ந்துவிடவில்லை, வசூலிக்கும் உரிமை வங்கியிடமே இருக்கிறது. இதனால் இரண்டு தீமை. வங்கி பெரியவர்களுக்குக் கடனை மன்னித்துவிட்டது என்று வாசகர் நினைக்கிறார். அது தவறு என்று விளக்க வருகிறவர்கள், நீக்கிய தொகையில் எவ்வளவு பிறகு வசூலானது என்ற கேள்வியை அந்த விளக்கத்துக்குள்ளேயே அமுக்கிவிடுகிறார்கள்.

சட்டத்தின் சொற்களும் இதே மேடு பள்ளத்தில்தான் நிற்கின்றன. வசதி இருந்தும் வேண்டுமென்றே கடன் செலுத்தாதவர் என்று ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவரை அறிவிக்க, பாக்கி குறைந்தது 25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது; அதன் மையச் சொல் 'தீர்வு'. சாதாரணத் தனிமனிதருக்கான பகுதி அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019இல் அது திறந்தது. மற்றவர்களுக்குச் சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், வெளியூர்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனத்துக்குத் தீர்வு, மளிகைக் கடைக்காரருக்கு மஞ்சக் கடுதாசி.

பெயரை வெளியிடுவதிலும் இப்படித்தான். நாளேடுகளில் வங்கிகள் தரும் 'சுவாதீன அறிவிப்பு' விளம்பரங்களைப் பாருங்கள். கடன்தாரர் பெயர், தகப்பனார் பெயர், ஜாமீன்தாரர் பெயர், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் அச்சாகியிருக்கும். சில லட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்கும் இதுதான் நடைமுறை. கடன் கட்டாத பெரிய தொழிலதிபர்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது ரிசர்வ் வங்கி ரகசியம் காக்க வேண்டும் என்று மறுத்தது. அந்த மறுப்பு செல்லாது என்று சொல்ல 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே வர வேண்டியிருந்தது.

உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இன்னொரு கோட்டையும் போட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது, கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருந்திருக்க வேண்டும் என்றது. கொடுக்க முடியாதவரையும் கொடுக்க மனமில்லாதவரையும் பிரித்த தீர்ப்பு. நம் பேச்சுமொழியில் இந்தப் பிரிவினை இல்லை. இருவரையும் நாமம் போட்டவன் என்றே சொல்கிறோம். அந்தப் பிரிவினை இருக்க வேண்டிய இடம் நம் பேச்சுதான், ஏனென்றால் பெரும்பாலான கடன்கள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, தெருவிலேயே தீர்ப்பாகிவிடுகின்றன.

ஆகவே பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன்காரர் விடுபட்டால் மட்டும் தள்ளுபடி என்று எழுதுங்கள். வங்கி ஏட்டிலிருந்து எடுத்தால் கணக்கு நீக்கம் என்று எழுதுங்கள். வாராக்கடன் என்று எழுதும் இடத்தில் செலுத்தாதவரின் பெயர் தெரிந்தால் பெயரோடு எழுதுங்கள். கந்து வட்டிப் புகாரைத் தகராறு என்று எழுதாதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை முக்கியத் தகவல் அறிக்கை என்ற தாளில் எழுதித் தர வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும்.